குளத்தில் எத்தனை மீன்? துடுப்பை நறுக்கிக் கணக்கிடும் முறை

குளத்தை வற்றவைக்காமல் அதில் எத்தனை ரோகு இருக்கிறது என்று அறிய, நன்னீர் மீன் ஆய்வில் முதலில் கையிலெடுப்பது அடையாளமிட்டு மறுபடி பிடிக்கும் முறை. கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, சில நாள் கழித்து மறுபடி பிடித்ததில் அடையாளத்தோடு எத்தனை என்ற விகிதத்தைக் கொண்டு மொத்தத்தைக் கணக்கிடுவது. 1890களில் மீன்களுக்கு அடையாளமிட்டு ஆய்ந்த டென்மார்க்கின் பீட்டர்சன் பெயரால் இது அறியப்படுகிறது. கணக்கு எளிது. முதல் பிடிப்புக்கும் இரண்டாம் பிடிப்புக்கும் இடையில் நடப்பதில்தான் ஆய்வே கெடும்.

நாளைக் குறிக்கும்போதே மதகு மூடியிருக்கிறதா, கலிங்கில் நீர் வழிகிறதா, வரத்துக் கால்வாய் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். மீன் வரவும் கூடாது, போகவும் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, கோடையில் நீர் சூடேறுவதற்குள் செய்வது நல்லது. குத்தகைதாரரிடமும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

எத்தனை மீன் பிடிக்க வேண்டும்? உத்தேசமாக 2,000 இருக்கும் என்று வைத்தால், இரு முறையும் 120 வீதம் பிடித்தால் அடையாளத்தோடு 7 திரும்பும். அதற்குக் குறைந்தால் விடை ஒருபக்கமாகச் சாயும். முறைக்கு 225 பிடித்தால் 25 அளவில் திரும்பும். அதன் பிறகுதான் எண்ணை நம்பிப் பேசலாம்.

முதல் பிடிப்புக்கு இழுப்பு வலையே சரி. செவுள் வலையில் மாட்டிய மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துவிடக்கூடும். விடிவதற்கு முன் வலை இறக்காதீர்கள்: பாசி மண்டிய பச்சை நிறக் குளத்தில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறுவதற்குள், காலை 7 முதல் 9 மணிக்குள் முடித்துவிடலாம். மீன் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். காய்ந்த கை மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும், புண் அங்கேதான் தொடங்கும். இடப்பக்க இடுப்புத் துடுப்பில் பாதியைக் கூரான கத்தரியால் நறுக்கவும், இதுதான் அடையாளம். வால் துடுப்பைத் தொட வேண்டாம், நீந்த அதுதான் வேண்டும். 15 செ.மீ.க்குக் கீழுள்ளவற்றை இரு முறையும் ஒதுக்கிவிடுங்கள். அவை வலைக்கண்ணியில் நழுவுவதால் கணக்கைக் குழப்பும். ரோகு, கட்லா, மிர்கால் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு, ஏனென்றால் நீரில் அவை நிற்கும் ஆழம் வேறு, வலையில் சிக்கும் வாய்ப்பும் வேறு.

பலரும் விட்டுவிடும் ஒரு வேலை: அடையாளமிட்டதில் 20 மீன்களையும் அடையாளமிடாத 20 மீன்களையும் ஹாப்பாவில் (நீருக்குள் கட்டும் வலைத் தொட்டியில்) இரண்டு நாள் வைத்துப் பார்ப்பது. நறுக்கியவற்றில் மட்டும் கூடுதலாகச் செத்தால், விட்ட எண்ணிக்கையை அந்த விகிதத்தில் குறையுங்கள். குறைக்காவிட்டால் திரும்பக் கிடைப்பது குறைந்து, குளத்தில் இல்லாத மீன் தாளில் இருக்கும். தளர்ந்த மீனை நீர்க்காகம் தூக்கிக்கொண்டு போனாலும் இதே பிழைதான். இருவகையும் சமமாகச் சாகிறது என்றால் விகிதம் மாறாது.

அடையாளமிட்ட மீதி மீன்களை ஒரே மூலையில் கொட்டாமல் குளத்தைச் சுற்றிப் பல இடங்களில் விடுங்கள். கலந்து பரவ 4 முதல் 7 நாள் போதும். அடுத்த பிடிப்பில் வலை வகையை மாற்றுவது நல்லது. வீச்சு வலையைக் குளம் முழுக்க வீசலாம். ஒரு முறை இழுப்பு வலையில் சிக்கிய மீன் அதைக் கண்டு ஒதுங்கக் கற்றிருக்கும். பிடித்ததை எண்ணி முடியும்வரை ஹாப்பாவிலேயே வைக்கவும். உடனே விட்டால் அதே மீன் இரண்டு முறை கணக்கில் ஏறும்.

இப்போது கணக்கு. அடையாளமிட்டது 120, இரண்டாம் முறை பிடித்தது 150, அதில் அடையாளத்தோடு 17 என்போம். முதல் இரண்டு எண்களோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கி, 17உடனும் ஒன்றைக் கூட்டிய 18ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் ஏறத்தாழ 1,014. ஒன்றைக் கூட்டும் இந்தத் திருத்தம் புள்ளியியலாளர் சாப்மனுடையது. திரும்பியது சிலவே என்றால் எண் ஊதிவிடாமல் தடுக்கும். 95 சதவீத நம்பிக்கை எல்லை, அதாவது உண்மையான எண் இருக்கும் என்று நம்பக்கூடிய வரம்பு, ஏறக்குறைய 620 முதல் 1,410 வரை. 17 மீன் திரும்பியும் இவ்வளவு அகலமா என்று தோன்றும், ஆம், இவ்வளவுதான். அறிக்கையில் வெறும் 1,014 என்று எழுதுவது ஏமாற்று. எவ்வளவு பிடித்து விற்கலாம் என்பதற்குக் கீழ் எல்லையையும், இன்னும் எவ்வளவு குஞ்சு விடலாம் என்பதற்கு மேல் எல்லையையும் வைத்து முடிவெடுங்கள்.

விராலுக்கு இந்தக் கணக்கு பலிக்காது. சேற்றிலும் களையிலும் பதுங்கும், வலையைத் தாண்டியும் குதிக்கும். அதற்குப் பொறி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.