ஒரு மெட்டைப் பின்தொடர்ந்து ஜப்பானிய அனிமேஷன் படங்களின் இசையைக் கேட்பது எப்படி

ஜப்பானிய அனிமேஷன் படங்களின் இசையைத் தொகுப்புகளில் மட்டுமே கேட்டவர்களுக்கு மெட்டின் இனிமை தெரிந்திருக்கும். ஆனால் அது பல ஆண்டுகள் கழித்தும் நெஞ்சில் நிற்பதற்கான காரணம் தெரிந்திருக்காது. அந்தக் காரணத்தில் பாதி மெட்டுக்குள் இருக்கிறது; மறுபாதி படத்தில் அது எங்கே வருகிறது, எங்கே வராமல் இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஆகவே எந்தப் படமானாலும் முதலில் ஜப்பானிய ஒலியில், எழுத்து வசனங்களோடு, முழுமையாகப் பாருங்கள். முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். பல படங்களில் பாடல் முழுமையாக ஒலிப்பது அங்கேதான்.

பயிற்சியைத் தொடங்க 2004-இல் வெளிவந்த ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ படத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. பதினெட்டு வயதுத் தொப்பிக்கடைப் பெண் சோஃபி சாபத்தால் தொண்ணூறு வயதுக் கிழவியாகிறாள். அதன் பிறகும் அவளது முகமும் வயதும் காட்சிக்குக் காட்சி மாறிக்கொண்டே இருக்கின்றன. பார்ப்பவர்களுக்கு அவள் ஒரே பெண் என்ற உணர்வு அறுந்துவிடக் கூடாது என்பதால், படம் முழுவதையும் ஒரே மெட்டால் கட்ட வேண்டும் என்று இயக்குநர் ஹயாவோ மியாசாகி விரும்பினார். இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷி அதற்காகத் தந்த மெட்டுக்கு ‘வாழ்க்கையின் குடை ராட்டினம்’ என்று பெயர். அது மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ் என்னும் மேற்கத்திய நடன மெட்டு. ‘தகிட, தகிட’ என்று விரலால் தட்டிக்கொண்டே கேட்டால் உடனே பிடிபட்டுவிடும். மெட்டை முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிய பிறகு, படத்தை இரண்டாம் முறை ஒரு தாளும் பேனாவுமாகப் பாருங்கள். அந்த மெட்டு வரும் ஒவ்வோர் இடத்திலும் எந்தக் கருவி வாசிக்கிறது, வேகம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, திரையில் சோஃபிக்கு என்ன வயது என்ற மூன்றை மட்டும் குறித்தால் போதும். பனிமூட்டத்திலிருந்து கோட்டை வெளிப்படும் தொடக்கத்தில் அடக்கமாக வரும் அதே மெட்டு, ஹவுல் அவளை ஊருக்கு மேலே காற்றில் நடத்திச் செல்லும்போது முழு இசைக்குழுவோடு விரிவதைக் கேட்கும்போது, அவளது மனம் எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறது என்பதை வசனம் எதுவும் சொல்லாமலே உணர்வீர்கள்.

அடுத்து, இசை இல்லாத இடங்களைக் கவனிக்கப் பழக வேண்டும். 1986-இல் வந்த ‘லாப்யூட்டா’ படத்தில் பின்னணி இசையே இன்றி நீளும் பகுதிகள் பல உண்டு. அமெரிக்கப் பதிப்புக்காக ஹிசாயிஷி பின்னாளில் அந்த இடைவெளிகளில் பலவற்றை நிரப்பி, இசையை விரிவாக மறுபடி அமைத்தார். இரண்டு வடிவங்களும் கிடைத்தால் ஒரே காட்சியை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். என் காதுக்குப் பழைய வடிவமே உயர்ந்தது. அதில் காற்றும் இயந்திரமும் பேசிய பிறகுதான் இசை பேசுகிறது. 2001-இன் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில், நீரில் மூழ்கிய தண்டவாளத்தின் மேல் ரயில் செல்லும் காட்சியையும் இப்படியே, ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள். அங்கே பியானோவின் சுரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியே அந்தப் பயணத்தின் தனிமையாகிறது.

படத்துக்கு முன்பே பிறந்த இசையையும் தேடிக் கேட்க வேண்டும். மியாசாகி படங்களுக்கு ‘இமேஜ் ஆல்பம்’ என்றொரு வழக்கம் உண்டு: இயக்குநர் தரும் குறிப்புகளையும் ஓவியங்களையும் மட்டும் வைத்து, படம் முடிவதற்கு முன்னரே இசையமைப்பாளர் ஓர் ஆல்பம் உருவாக்குவார். 1984-இல் வந்த ‘நௌசிகா’ படத்துக்கு ஹிசாயிஷி அமைத்த இமேஜ் ஆல்பம் 1983-லேயே வெளிவந்துவிட்டது. படத்தைப் பார்த்த பிறகு இதைக் கேட்டால், எந்த மெட்டு தங்கியது, எது கைவிடப்பட்டது என்று ஒப்பிடலாம்.

அந்தப் படத்தின் தயாரிப்பாளராக இருந்த இசாவோ தகஹாத்தா, தாம் இயக்கிய படத்துக்கு ஹிசாயிஷியின் இசையைப் பெற்றது 29 ஆண்டுகள் கழித்து, 2013-இன் ‘இளவரசி ககுயா’வில்தான். சந்திரனில் வாழ்பவர்கள் ககுயாவை அழைத்துப் போக மேகத்தின் மேல் இறங்கி வரும் காட்சி தாங்க முடியாத பிரிவுக் காட்சி. ஆனால் அவர்கள் வாசித்து வரும் இசையோ துள்ளலும் மகிழ்ச்சியுமாக இருக்கிறது. துயரம் என்னவென்றே அறியாதவர்களின் இசை அது. இங்கே ஒலியை ஒரு முறை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதன் பின் இரண்டையும் சேருங்கள். கண் அழச் சொல்வதும் காது ஆடச் சொல்வதும் மோதும் இடத்தில்தான் நெஞ்சு பிளக்கிறது.

காது இவ்வளவுக்குப் பழகிய பின் ஹிசாயிஷியை விட்டு வெளியே வாருங்கள். 1995-இன் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்துக்குக் கென்ஜி கவாய் அமைத்த கூட்டுப் பாடலில், ஜப்பானிய நாட்டுப்புறப் பாடகிகள் பல்கேரியக் குரலிசையை ஒத்த சேர்ந்திசையில், பண்டைய ஜப்பானிய மொழியில் திருமணப் பாட்டுப் பாடுகிறார்கள். இயந்திர உடல் உருவாகும் தொடக்கத்திலும், வசனமே இல்லாமல் நகரத்தைக் காட்டும் நடுப்பகுதியிலும், இறுதியிலும் அந்தப் பாட்டு வருகிறது. படம் எப்படி முடிகிறது என்று தெரிந்த பிறகு, திருமணப் பாட்டு ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். பாலித்தீவின் கேமலான் என்னும் தாளக்கருவிக் குழு இசையையும், ஜப்பானின் பழமையான நோ நாடகத்தின் குரலையும் கலந்த 1988-இன் ‘அகிரா’வையும் தவறவிடாதீர்கள். 2016-இன் ‘எ சைலன்ட் வாய்ஸ்’ படத்துக்கு ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். காது கேளாத பெண்ணைப் பற்றிய அந்தப் படத்துக்காகக் கென்சுகே உஷியோ பியானோவின் உள்ளேயே மைக்குகளை வைத்து, சுத்தியல்களும் கம்பளித் துண்டுகளும் உரசும் ஓசையையும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார்.

பாடல்களைப் பொறுத்தவரை, கேட்பதோடு நிற்காமல் வாய்விட்டுப் பாடுவதே சிறந்த வழி. ஜப்பானிய மொழியில் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிரொலிகளும் அவற்றின் நெடில்களும் இருப்பதால், வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது எளிது. க, த, ப போன்ற எழுத்துகள் மெலிந்து ஒலிக்கும் இடங்களில் மட்டும் ஓர் அடிக்கோடு இடுங்கள். ஒற்றாக வரும் ‘ன்’ அங்கே தனியாக ஒரு மாத்திரை பெறும்; ‘மை நெய்பர் டோட்டோரோ’வின் நடைப்பாட்டின் பெயரான ‘சன்போ’ மூன்று தட்டு, இரண்டல்ல. ஜப்பானியப் பள்ளிப் பாடல்களில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவிய, மத்தியமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுர வரிசை நம் மோகனத்தின் சுரங்களே என்பதால், அந்த மரபில் வரும் மெட்டுகள் தமிழ்க் காதுக்கு விரைவில் பழகிவிடும்.

முதல் பாடலாக ‘ஸ்பிரிட்டட் அவே’யின் இறுதிப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட வேறொரு படத்தை மனத்தில் கொண்டு உருவான அந்தப் பாடலை, யூமி கிமுரா லையர் என்னும் சிறு யாழை மீட்டிக்கொண்டு தனியாகப் பாடுகிறார். வகாகோ காக்கு எழுதிய வரிகளின் பொருளை முதலில் வாசித்து, நெடில்களைக் குறித்துக்கொண்டு, பெயர்ப் பட்டியல் தொடங்கியதும் அவர் குரலுக்குக் கீழே மெல்லச் சேர்ந்து பாடுங்கள்.