மருந்து விடுவிப்புச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் மருந்தாக்கவியல் படிக்கும் இறுதி ஆண்டு மாணவர்கள், மருந்து தன் துணிக்கையிலிருந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வெளியேறுகிறது எனக் காட்டும் தங்கள் வரைபுகளுடன் என்னிடம் வரும்போது, நான் அந்த வயதில் விட்ட பிழைகளையே மீண்டும் பார்க்கிறேன். தராசைச் சுழியமாக்காமை, போத்தலில் திகதி எழுதாமை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை ஆய்வுகூட உதவியாளரே ஏசித் திருத்திவிடுவார்.

வராத மருந்தை 'மெதுவாக வருகிறது' என எழுதுதல்

மஞ்சளிலுள்ள குர்குமினை நனோ துணிக்கைகளில் அடைத்து, டயலைசிஸ் பையிலிட்டு (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் மென்சவ்வுப் பை), பிஎச் மாறாமல் வைத்திருக்கும் பிஎச் 7.4 பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் 37 பாகை செல்சியசில் வைப்பார்கள். 24 மணித்தியாலங்களின் பின்னர் வெளிக்கரைசலில் பத்தில் ஒரு பங்கு மருந்துகூட இராது. உடனே 'நீடித்த விடுவிப்பு' என்று முடிவுரை எழுதிவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆறு மாத உழைப்பும் கொழும்பிலிருந்து தருவித்த பைகளின் செலவும், கட்டுரையைப் பரிசீலித்தவர் கேட்ட ஒரே கேள்வியில் வீணாயின: மருந்து வெளியே வரவில்லையா, வந்தபின் அழிந்துவிட்டதா?

குர்குமின் நீரில் கரைவது மிக அரிது. வெளிக்கரைசல் இனி மருந்தைக் கரைக்க முடியாதபடி நிரம்பியதும், பையினுள் எவ்வளவு மருந்து எஞ்சியிருந்தாலும், விடுவிப்பு நின்றுவிடும். அதனால்தான் இட்ட மருந்து முழுவதும் கரைந்தால் நிரம்பிவிடும் கரைசலின் கனவளவைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு வெளிக்கரைசல் எடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் மேலாக, பிஎச் 7.2 பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் சீரம் (குருதித் தெளியம்) இல்லாதபோது குர்குமினின் ஏறத்தாழ 90 வீதம் அரை மணித்தியாலத்துக்குள் சிதைவது 1997 இலேயே காட்டப்பட்டுவிட்டது. பையின் மென்சவ்வும் தன் பங்குக்குத் தடுக்கும். ஆகவே துணிக்கை மருந்தைப் பிடித்துவைத்திருப்பது, மருந்து கரையாதது, சிதைவது, சவ்வு தடுப்பது ஆகிய நான்கும் வரைபில் ஒரே தாழ்ந்த கோடாகத்தான் தெரியும்.

இவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. துணிக்கையில் அடைக்காத மருந்தைக் கரைத்து அதே பையில் வைத்துப் பாருங்கள்; அதுவும் மெதுவாகவே வந்தால் தடை சவ்வில் இருக்கிறது. செறிவு தெரிந்த மருந்தை வெளிக்கரைசலில் மட்டும் 24 மணித்தியாலம் விட்டு, எவ்வளவு எஞ்சுகிறது என அளவிடுங்கள். டுவீன் 80 என்ற, எளிதில் கரையாததைக் கரைக்க உதவும் பொருளைச் சேர்த்துக் கரைதிறனைக் கூட்டினாலும் இவ்விரு சோதனைகளையும் அந்தக் கரைசலிலேயே திரும்பச் செய்ய வேண்டும். இறுதியில் பையினுள் மிஞ்சியதையும் வெளியே வந்ததையும் கூட்டுங்கள்; இட்ட அளவு வராவிட்டால் வரைபைக் கீற வேண்டாம்.

கிணற்று நீர்

சுண்ணாம்புக்கல் நிலத்து நீரிலுள்ள கல்சியம் பொசுபேற்றுடன் சேர்ந்து வீழ்படிவாகும். ஒரு மாணவி அந்தக் கலங்கலின் ஒளி உறிஞ்சலை மருந்தின் அளவாகக் கணக்கிட்டு, 130 வீத விடுவிப்புடன் வந்து நின்றார். காய்ச்சி வடித்த நீரை மட்டும் பாவியுங்கள்.

வடிகட்டி

மாதிரியை வடிகட்டும்போது முதலில் வரும் ஓரிரு மில்லிலீற்றரை வீசிவிடுங்கள். வடிகட்டியும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

எடுத்த மாதிரி

2 மில்லிலீற்றர் எடுத்துப் புதுக் கரைசல் ஊற்றினால், எடுத்ததிலிருந்த மருந்தையும் அடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.