கடற்காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக்கு போரான் நைட்ரைடு நானோதாள் பூச்சு: செய்முறை

கடலூர் கடற்கரையில் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கேட் கொக்கி, மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று எதற்குப் பெயின்ட் அடித்தாலும் உப்புக்காற்று சும்மா விடாது. கடலூர், புதுச்சேரி எம்.எஸ்சி. மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டால், இந்தத் துருவுக்கு எதிரான போரான் நைட்ரைடு பூச்சைத்தான் நான் சொல்வேன். 'கிராஃபீன் செய்யலாமே' என்பார்கள். கிராஃபீன், அதாவது ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாள், மின்சாரத்தைக் கடத்தும். பூச்சில் கீறல் விழுந்துவிட்டால், அது அடியிலுள்ள இரும்பு அரிப்பதை இன்னும் வேகப்படுத்தலாம். போரான் நைட்ரைடு மின்கடத்தாப் பொருள் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கடையில் கிடைக்கும் அறுகோண போரான் நைட்ரைடு வழுவழுப்பான வெள்ளைத் தூள். உள்ளே அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் கெட்டி, நடுவில் பிடிப்பு குறைவு. அடுக்குகளுக்கு இடையே சுமார் 0.33 நானோமீட்டர்தான் தூரம். அவற்றை மெல்லிய நானோதாள்களாகப் பிரித்தெடுப்பதுதான் நம் வேலை. கல்லூரி ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம்.

முதல் படி, கலவை. 300 மில்லிகிராம் தூள், 50 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 50 மி.லி. வாலை வடிநீர். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குலுக்குங்கள். தூளை எடுக்கும்போது என்95 மாஸ்க் கட்டாயம். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அதனால் பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது.

அடுத்து அல்ட்ராசோனிக் பாத், அதாவது மீயொலியால் அதிரும் தண்ணீர்த் தொட்டி; குப்பியை அதில் வைக்க வேண்டும். மொத்தம் 8 மணி நேரம். தொட்டியில் எல்லா இடத்திலும் அதிர்வு ஒரே மாதிரி இருக்காது. சிறு அலுமினிய ஃபாயில் துண்டைத் தண்ணீரில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். எங்கே ஊசி குத்தியது போல் ஓட்டை விழுகிறதோ, குப்பியை அங்கே நிறுத்துங்கள். ஓடஓடத் தண்ணீர் சூடாகும், நம் ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டவிடாமல் தண்ணீரை மாற்றுங்கள். முதுநகர் துறைமுகம் பக்கம் மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துப் போட்டாலும் சரி, குப்பிக்குள் போகாமல் இருந்தால் போதும்.

அப்புறம் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றிப் பிரிக்கும் கருவி: நிமிடத்துக்கு 1500 சுற்று, 30 நிமிடம். எதிரெதிர் குழாய்களின் எடை சமமாக இருக்கட்டும். பிரியாத தூள் அடியில் தங்கிவிடும். மேலே உள்ள லேசான பால் நிறத் திரவத்தில் முக்கால் பங்கை மட்டும் பிப்பெட்டால் எடுங்கள். பேராசையில் அடி வரை உறிஞ்சினால் வண்டலும் கூட வந்துவிடும்.

விளக்கை அணைத்துவிட்டுப் பச்சை லேசர் பாயிண்டரைத் திரவத்தின் குறுக்கே அடித்தால் ஒளிக்கற்றை கோடாகத் தெரியும், டிண்டால் விளைவு. வெறும் ஆல்கஹால் கலவையில் அந்தக் கோடு இருக்காது. இதை வைத்து 'ஒற்றை அடுக்கு வந்துவிட்டது' என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள். கோடு தெரிந்தால் நுண்துகள் மிதக்கிறது என்று மட்டும்தான் பொருள். எத்தனை அடுக்கு என்று சொல்ல அணுவிசை நுண்ணோக்கி வேண்டும். அது போரான் நைட்ரைடுதானா என்பதை, லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையில் 1366 செ.மீ.⁻¹ அருகே வரும் முகடு சொல்லும்.

கிடைப்பது சில மில்லிகிராம்தான், மனம் தளர வேண்டாம். 10 மி.லி. திரவத்தை, எடை பார்த்து வைத்த வாட்ச் கிளாஸில் உலர்த்தி எடுத்தால் செறிவு தெரிந்துவிடும். மீதியை முழுக்க உலர்த்தக் கூடாது, தாள்கள் திரும்பவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 0.2 மைக்ரான் நைலான் ஃபில்டரில் வடிகட்டி, ஈரமாகவே அசிட்டோனில் போட்டுப் பாத்தில் சில நிமிடம் கலக்குங்கள். செல்லுலோஸ் அசிடேட் ஃபில்டர் அசிட்டோனில் கரைந்துவிடும், பாக்கெட்டைப் படித்துவிட்டு எடுங்கள்.

5 மி.கி. தாளுக்கு 5 கிராம் எப்பாக்ஸி ரெசின் (பூச்சாக இறுகும் பிசின்), அதாவது 0.1 சதவீதம். ஃபியூம் ஹுட்டில் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வக அறை), ஹாட் பிளேட் மேல் வெந்நீர்த் தொட்டியில் 50 டிகிரியில் வைத்துக் கிளறி, அசிட்டோன் முழுக்கப் போன பிறகே, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் சேர்க்க வேண்டும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பூச்சில் குமிழி வரும்.

உப்புத்தாள் தேய்த்துத் துடைத்த இரண்டு இரும்புத் தகடுகள் எடுங்கள். ஒன்றில் வெறும் எப்பாக்ஸி, மற்றதில் நம் கலவை, ஒரே கனத்தில். காய்ந்ததும் இரண்டிலும் பிளேடால் ஒரே நீளத்துக்குக் கீறி, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். வாரம் ஒருமுறை, கீறலின் இருபுறமும் துரு எத்தனை மில்லிமீட்டர் பரவியிருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து குறியுங்கள்.

சென்ட்ரிஃபியூஜில் தங்கிய வண்டலைக் கொட்ட வேண்டாம், அடுத்த சுற்றுக்கு அதையே பயன்படுத்தலாம்.