மலைச்சரிவில் தண்ணீர்க் குழாய் பதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் மேட்டு ஊற்றிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறக்குவோரிடம் காணும் முதல் தவறு, பருமனான குழாய்தான் அதிக அழுத்தம் தாங்கும் என்று நம்புவது. உண்மை இதற்கு நேர்மாறானது. சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இருமடங்காக்கினால், அதே அழுத்தத்தில் சுவரைப் பிளக்க முயலும் இழுவிசையும் இருமடங்காகும். சுற்றுவாக்கில் எழும் இவ்விசை நீளவாக்கில் எழுவதைவிட இருமடங்கு வலியது என்பதால்தான், அழுத்தம் தாளாத பி.வி.சி. குழாய் பெரும்பாலும் குறுக்கே முறியாமல் நெடுக வாய்பிளக்கிறது.

ஆகவே கடையில் குழாயின் நுனியைத் தடவித் தடிமனை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. 110 மி.மீ. குழாய் 4 மி.மீ. சுவரோடு தாங்கும் அழுத்தத்தை, 63 மி.மீ. குழாய் சுமார் 2.3 மி.மீ. சுவரோடே தாங்கிவிடும். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த வகுப்பைப் படித்து வாங்க வேண்டும். கடைக்காரர் '6 கிலோ பைப்' என்பது சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் தாங்கும் குழாயை.

எத்தனை கிலோ தேவை என்பதைக் குழாயின் நீளத்தைக் கொண்டு கணக்கிடுவதும் தவறே. செங்குத்து இறக்கம் 10 மீட்டருக்கு 1 கிலோ. குழாய் சரிவில் 400 மீட்டர் வளைந்து வந்தாலும் இறக்கம் 70 மீட்டர் என்றால் அடியில் 7 கிலோ. தண்ணீர் ஓடுகையில் உராய்வு இதில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், பகலில் தாங்கிய குழாய் எல்லாத் திறப்புகளையும் மூடிய இரவில் வெடிக்கலாம். இடையில் ஒரு திறந்த தொட்டி கட்டினால் அழுத்தம் அங்கே பூஜ்யமாகி, கீழ்ப்பகுதிக்கு மலிவான குழாயே போதுமானதாகும். 1932-இல் இயங்கத் தொடங்கிய நீலகிரியின் பைக்காரா மின்திட்டத்தில் தண்ணீர் சிங்காரா மின்நிலையத்துக்கு 900 மீட்டருக்கு மேல் விழுகிறது. அத்தகைய இறக்கங்களில் எஃகுக் குழாயைக் கீழே போகப்போக ஒடுக்கி, சுவரைத் தடிப்பாக்குவதே பொறியாளர் வழக்கம்.

இதைக் கேட்டு அளவுக்கு மீறி ஒடுங்கிய குழாயைப் போடுவது வேறொரு வம்பு. ஒடுங்கிய குழாயில் வேகம் கூடும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே மூடிவிடும் பால் வால்வால் சட்டென்று நிறுத்தினால், பி.வி.சி. குழாயில் ஏறத்தாழ 3 கிலோ அழுத்தம் கணப்பொழுதில் கூடிவிடும். மெல்லத் திருகி மூடும் கேட் வால்வே இங்கே உகந்தது.

பெரிய குழாய் தவிர்க்க முடியாததானால் வளைவுகளை மறக்கக் கூடாது. 6 கிலோ அழுத்தத்தில் 63 மி.மீ. எல்போவை (செங்கோண வளைவு இணைப்பை) வெளித்தள்ளும் விசை 250 கிலோவைத் தாண்டும், 110 மி.மீ. எல்போவில் அது சுமார் 800 கிலோ. அதைத் தாங்கும் கான்கிரீட் கட்டையைக் கொட்டி நிரப்பிய மண்ணில் வைக்காமல், வெட்டாத கெட்டி மண்ணில் முட்டுக் கொடுத்து வார்க்க வேண்டும்.