கரும்பு வெட்ட அட்வான்ஸ் வாங்கிட்டு ஊர் திரும்ப முடியலயா? செய்ய வேண்டியது இதுதான்

சீசனுக்கு முன்னாடியே ஆள் சேக்குற மேஸ்திரி வந்து புருஷன் பொண்டாட்டி ஜோடிக்கு இவ்வளவுன்னு கையில குடுத்துட்டுப் போயிருவாரு, அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ அன்னைக்கே கரைஞ்சிரும், அப்புறம் மாசக்கணக்கா வெட்டினாலும் "இன்னும் பாக்கி இருக்கு"ம்பாங்க. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் இந்தக் கதை தெரியாதவங்க கம்மி.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, அட்வான்ஸ் வாங்கினது குத்தமில்ல, அதச் சொல்லி உங்களப் பிடிச்சு வைக்கிறதுதான் குத்தம். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்துக்காக வேலை பாக்குறவங்களுக்கு குறைஞ்சபட்சக் கூலிக்கும் கீழ குடுத்தாலோ, வேற வேலைக்கோ வெளியூருக்கோ போக விடலன்னாலோ, இதுல ஒண்ணு இருந்தாலே போதும், அது கொத்தடிமைதான். சங்கிலி போட்டுத்தான் வச்சிருக்கணும்னு இல்ல. அந்தக் கடனும் சட்டப்படி செத்துப்போச்சு, அதுக்கப்புறம் அதை வசூல் பண்றதே ஜெயிலுக்குப் போற குத்தம். அது கொத்தடிமைக் கடன் இல்லன்னு நிரூபிக்க வேண்டியதும் கடன் குடுத்தவருதான், நீங்க இல்ல.

இருந்தாலும் கணக்கு வச்சுக்கங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பையனோட பழைய கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துலருந்து நாளுக்கு ஒரு கோடு, அரை நாள்னா பாதிக் கோடு, ராத்திரி லாரிக்கு லோடு ஏத்தினா ஒரு வட்டம்னு போட்டு வச்சிருந்துச்சு. விசாரணையில மேஸ்திரி வாய்க்கு வந்தத சொல்ல, இது விரலை வச்சு ஒவ்வொரு கோடா எண்ணிக் காட்டிச்சு.

மனு கலெக்டருக்கோ ஆர்டிஓவுக்கோ (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல) போகணும். வெளிய வர முடியலன்னா சொந்தக்காரங்க குடுக்கலாம். யார் எவ்வளவு குடுத்தாங்க, என்ன கூலி, எந்த ஊர், எந்தக் கொல்லை, அடிச்சாங்களா, குழந்தைங்க உட்பட எல்லார் பேரும் எழுதுங்க. எஸ்சி எஸ்டின்னா அதையும் எழுதுங்க, வன்கொடுமைச் சட்டமும் சேரலாம். வக்கீல் வேணும்னா 15100க்கு போன் போடுங்க, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் வருமானம் பாக்காம இலவசம்.

அதிகாரிங்க விசாரணைக்கு வர்றப்ப முதலாளி பக்கத்துல நின்னா வாய் வராது, அதனால தனியா வச்சுக் கேளுங்கன்னு தைரியமா சொல்லுங்க. "பேசித் தீத்துக்கலாம்"னு அனுப்பப் பாப்பாங்க, ஒத்துக்காதீங்க. கொத்தடிமையிலருந்து விடுவிச்சாச்சுன்னு குடுக்குற விடுதலைச் சான்று கையில வாங்கணும். அது இருந்தாதான் உடனடி உதவி 30,000 வரைக்கும் கேக்க முடியும். மறுவாழ்வுக்குன்னு குடுக்குற பெரிய தொகை ஆம்பளைக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைங்களுக்கும் 2 லட்சம், ஆனா அதை வழக்குல தண்டனை ஆகுறதோட கோத்து வச்சிருக்காங்க, அதனால எஃப்ஐஆர் போடாம விடவே விடாதீங்க. பல குடும்பம் இங்கதான் ஏமாந்து போகுது, மனசு வலிக்குது.

கூலி பாக்கிய தனியா தொழிலாளர் அலுவலகத்துல கேளுங்க. 2025 நவம்பர் 21ல இருந்து புது ஊதியச் சட்டம் வந்திருக்கு, 3 வருஷம் வரைக்கும் கேக்கலாம், குடுத்துட்டேன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி. ஒரே வேலைக்கு ஆம்பள பொம்பளன்னு கூலியில பிரிக்கவும் கூடாது.

சான்று வாங்கினதும் போட்டோ எடுத்துக்கங்க. குழந்தைங்க பேரும் அதுல இருக்கான்னு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் வண்டி ஏறுங்க.