ஒரே 'க'வை வைத்துக்கொண்டு அரபி பேச வருபவர்களுக்கு

துபாய் தேராவில் ஒரு டைப்பிங் சென்டரில் 11 வருஷம் அரபி டைப் அடித்தேன். விசா விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், கடைப் பெயர்ப் பலகை, புகார் மனு என்று எல்லாம் கை வழியாகப் போகும். ஊரிலிருந்து புதிதாக வரும் நம் ஆட்கள் அரபியில் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைத் தினமும் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் தமிழன் என்பதால் வருகிற தவறுகள். காரணம் தெரிந்தால் சீக்கிரம் திருத்திக்கொள்ளலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் ஒரே ஒரு 'க'தான். காகம், தங்கம், பகல் என்று இடத்துக்கு இடம் அதன் ஒலி மாறும். எங்கே எப்படி என்று நாக்குக்கே தெரியும், யாரும் சொல்லித் தர வேண்டாம். அரபியில் அப்படி நாக்கின் போக்குக்கு விட முடியாது. நாம் சாதாரணமாகச் சொல்லும் 'க' ஓர் எழுத்து. அடித்தொண்டையில் அடைத்துத் திறக்கும் 'க' இன்னோர் எழுத்து. சளியைக் காறுவது போல வருவது மூன்றாவது. தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிப்பது போல வரும் 'கைன்' நாலாவது. மாற்றிச் சொன்னால் சொல்லே வேறாகிவிடும்.

கல்ப் என்ற சொல்லைத் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடியும். அடித்தொண்டைக் 'க'வில் சொன்னால் இதயம், சாதாரணக் 'க'வில் சொன்னால் நாய். அன்பாக 'யா கல்பீ' என்று சொல்ல ஆசைப்படுபவர்கள் இதை முதலில் பழகிக்கொள்ளுங்கள். வளைகுடாவில் இதற்கு ஒரு சுலபமான வழியும் உண்டு. இங்குள்ளவர்கள் அந்த அடித்தொண்டை எழுத்தைப் பேச்சில் பெரும்பாலும் 'தங்கம்' என்பதில் வரும் 'க'வாகவே சொல்கிறார்கள். கஹ்வா என்ற காபியையும் அப்படித்தான் சொல்வார்கள். தங்கத்தின் 'க'வில் கல்ப் என்றால் இதயம்தான், யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது 'காலி'. கடையில் விலை அதிகம் என்று சொல்ல இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள், ஆனால் அது கொப்பளிக்கும் 'கைன்'. காறும் ஒலியில் சொன்னால் வெறுமையாக இருக்கிறது என்று பொருள். நாம் 'பாத்திரம் காலி' என்கிறோமே, அந்தச் சொல் அரபியிலிருந்து வந்ததுதான்.

இப்படி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற அரபிச் சொற்கள் புதியவர்களைக் கொஞ்சம் ஏமாற்றும். ஒருநாள் கவுன்ட்டரில் ஒரு தம்பி பாஸ்போர்ட்டைக் காட்டி 'நகல், நகல்' என்றார். எதிரே இருந்த அரபி ஊழியர் வேலை மாற்றத்துக்கான படிவத்தைத் தேடி எடுத்துவிட்டார். இங்கே 'நக்ல்' என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது. பிரதிக்கு 'ஸூரா' என்று கேட்க வேண்டும். போட்டோவுக்கும் அதே சொல்தான். அசல் வேண்டுமென்றால் 'அஸ்லீ' என்று சொல்லுங்கள். 'அசல்' என்று நடுவில் அகரம் வைத்துச் சொன்னால் தேன் என்று காதில் விழும். வக்கீல் என்றால் இங்கே ஏஜென்ட், முகவர், வழக்கறிஞருக்கு 'முஹாமீ'. சவால் என்று நாம் சொல்வது அவர்களுக்கு வெறும் கேள்வி. தகராறு என்றால் திரும்பத் திரும்பச் செய்வது. விமான நிலையத்தில் 'வுஸூல்' என்ற பலகையைப் பார்த்தால் அது வருகைப் பகுதி. நம் ஊர் வசூலின் மூலச்சொல் அதுதான். பெருநாள் சமயத்தில் யாராவது 'மஅமூல்' கொடுத்தால் தயங்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், உள்ளே பேரீச்சம்பழம் வைத்த அருமையான பிஸ்கட் அது.

'ஐன்' என்ற எழுத்தைப் பெரும்பாலோர் விழுங்கிவிடுகிறார்கள். தொண்டையை நடுவில் இறுக்கி வரும் ஒலி அது, தமிழில் இல்லை. அமீரகத்தில் நவம்பர் 3 கொடி நாள். கொடிக்கு 'அலம்', ஐன் வைத்து. ஐன் இல்லாமல் சாதாரண அகரத்தில் 'அலம்' என்றால் வலி. அதே போல 'அமல்' என்பது ஐன் வைத்தால் வேலை, இல்லாவிட்டால் நம்பிக்கை. முதல் மாதத்திலேயே ஐன் வந்துவிடாது. பரவாயில்லை, அந்த இடத்தில் ஒரு சின்ன அழுத்தமாவது கொடுங்கள். முழுக்க விட்டுவிடாதீர்கள்.

என்னைப் போல மதரஸாவில் ஓதி வளர்ந்தவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 'ளாத்' என்ற எழுத்தை நாம் ல என்றும் ள என்றும், இலங்கையில் ழ என்றும் எழுதிப் பழகிவிட்டோம். ரமலான், ரமளான், ரமழான். மூன்றையும் இங்குள்ள அரபி சட்டென்று புரிந்துகொள்ள மாட்டார். அவர்கள் காதுக்கு அது கனத்த 'த'வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலி. 'ரமதான்' என்று வாய் நிறையச் சொன்னால் உடனே புரியும். அரபிக்கு 'ளாத் மொழி' என்றே ஒரு பெயர் உண்டு. அந்த எழுத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

நமக்குச் சாதகமாகவும் சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடக் கூடாது. அரபியில் குறில், நெடில் வித்தியாசம் உயிர். 'மதர்' மழை, 'மதார்' விமான நிலையம். ஒற்று இரட்டிப்பதும் அப்படியே: 'ஹமாம்' என்றால் புறா, 'ஹம்மாம்' என்றால் குளியலறை. நம் வீட்டு சோப்பின் பெயர் இதில் எந்தப் பக்கம் என்று இப்போது தெரிந்திருக்கும். படம், பாடம் என்றும் பாடு, பாட்டு என்றும் சின்ன வயதிலிருந்தே பிரித்துக் கேட்ட காது நமக்கு. ஆங்கில எழுத்தில் எழுதியதைப் பார்த்து அரபி கற்கும்போதுதான் இந்த அளவு தொலைந்துபோகிறது. எனவே கேட்டு, தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்.

புணர்ச்சியும் நமக்குப் புதிதல்ல. நல் + நாள் 'நன்னாள்' ஆகிறதல்லவா, அதே போல 'அல்' என்று எழுதியிருந்தாலும் அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து ஒலி மாறும். துபாய்க்கும் சார்ஜாவுக்கும் எல்லையில் இருக்கும் அல்-நஹ்தாவை 'அந்நஹ்தா' என்று சொல்ல வேண்டும். மெட்ரோ நிலையம் அல்-ரிக்கா, சொல்லும்போது 'அர்-ரிக்கா'. 28 எழுத்துகளில் சரிபாதி, அதாவது 14 எழுத்துகளுக்கு முன்னால் இப்படி லகரம் கரைந்துவிடும்.

எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு என்பதும் நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. மளிகைக் கடையில் போய் 'எனக்கு ஒரு கிலோ சர்க்கரை வேண்டும் ஐயா' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் புத்தகம் படித்து அரபி கற்றவர்கள் 'உரீது', 'ஐன', 'அல்-ஆன்' என்று கடையில் பேசுகிறார்கள். செய்தி வாசிப்பது போல இருக்கும். வேண்டும் என்பதற்கு வளைகுடாவில் 'அபீ' அல்லது 'அப்கா', எங்கே என்பதற்கு 'வேன்', இப்போது என்பதற்கு 'அல்ஹீன்'. புத்தக அரபி வீண் என்று சொல்லவில்லை. பலகை, படிவம், செய்தித்தாள் எல்லாம் அதில்தான் இருக்கும். வாய்க்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் அதிகம் பரவியிருக்கிறது. அறைத் தோழர்களிடமிருந்து இரண்டே வாரத்தில் தொற்றிக்கொள்ளும் அரபி: 'அனா ரூஹ், இன்த்தா ரூஹ், மாஃபி மாலூம், ஸீதா ரூஹ்'. 'ஸீதா', நேராக, இந்தியிலிருந்து வந்து சேர்ந்தது. 'ரூஹ்' என்றால் 'போ' என்ற ஏவல். நான் போனேன், அவன் போவான் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறோம். அரபிகளும் நமக்குப் புரியட்டும் என்று நம்மிடம் இதே மாதிரிதான் பேசுகிறார்கள். அதனால் இதுதான் அரபி என்று 20 வருஷம் நம்பி வாழ்பவர்கள் உண்டு. வந்த புதிதில் வேலை நடக்க இது உதவும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்குப் பிறகும் அங்கேயே நிற்காதீர்கள். 'மாஃபி' என்றால் 'இல்லை', ஒரு பொருள் இல்லாததைச் சொல்ல. 'மாஃபி ஃபுலூஸ்', காசு இல்லை, சரிதான். 'தெரியாது' என்பதற்கு 'மாஃபி மாலூம்' வேண்டாம், 'மா அத்ரீ' என்று சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் பேசுகிற விதமே மாறும், அதை நான் எத்தனையோ தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆண், பெண் விஷயத்தில் கவனம் தேவை. நாம் 'வா', 'வாங்க' என்று மரியாதையைப் பிரிக்கிறோம். அரபியில் வினை ஆணுக்கும் பெண்ணுக்கும் பிரியும். ஆணுக்கு 'தஆல்', பெண்ணுக்கு 'தஆலீ'. ஆணுக்கு 'இன்த்த', பெண்ணுக்கு 'இன்த்தி'. வீட்டு வேலைக்கு வந்த அக்காமார் முதலாளியம்மாவிடம் கற்ற பெண்பால் அரபியை டாக்ஸிக்காரரிடம் பேசுவதையும், ஓட்டுநர்கள் ஆண்பால் அரபியை முதலாளியம்மாவிடம் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். உங்களிடம் பேசியதை அப்படியே திருப்பிச் சொல்லக் கூடாது, ஆளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அப்புறம், பெரியவர்களை 'தஆல்' என்று கூப்பிடாதீர்கள். அது நம் 'வா' மாதிரி. 'தஃபத்தல்' என்றால் 'வாங்க, உட்காருங்க, எடுத்துக்கோங்க' எல்லாம் அடங்கிவிடும், பெண்ணுக்கு 'தஃபத்தலீ'. தெரியாத பெண்ணை 'உக்தீ', சகோதரி, என்று அழைப்பது பாதுகாப்பு. 'ஹபீப்தீ', அன்பே, வேண்டவே வேண்டாம்.

வணக்கத்துக்கு இணை வணக்கம் உண்டு. 'ஸபாஹுல் கைர்' என்றால் பதில் 'ஸபாஹுன் நூர்'. 'சலாம் அலைக்கும்' என்றால் 'வஅலைக்கும் சலாம்', எந்த மதத்தவரும் சொல்லலாம். ஒருவர் குழந்தையைப் பாராட்டும்போது 'மாஷா அல்லாஹ்' சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் பாராட்டு கண்பட்டுவிடும் என்று அவர்களும் பயப்படுவார்கள். 'வல்லாஹி' என்பது சத்தியம், பேச்சுக்குப் பேச்சு அதை இழுக்காதீர்கள்.

இனி எண்கள். இதில் வரும் தவறு காசில் முடியும். 25 என்பதை 'கம்ஸ வ இஷ்ரீன்', அதாவது ஐந்தும் இருபதும் என்பார்கள். முதலில் ஐந்து காதில் விழுந்ததும் கை 52 என்று எழுதிவிடும். சொல்லி முடிக்கும்வரை பேனாவை வைக்காதீர்கள். 'ஸப்அ' ஏழு, 'திஸ்அ' ஒன்பது. சத்தத்தில் குழம்பும், திரும்பக் கேளுங்கள். எழுதியதைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. அரபி எண்களில் புள்ளிதான் பூஜ்யம். நம் பூஜ்யம் போல வட்டமாக இருப்பது ஐந்து. நம் ஏழு போல இருப்பது ஆறு. கீழே குவிந்து மேலே விரிந்தால் ஏழு, அதைக் கவிழ்த்தால் எட்டு. வாக்கியம் வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணை இடமிருந்துதான் படிக்க வேண்டும். குவைத், பஹ்ரைன், ஓமான் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அங்கே ஒரு தினார், ஒரு ரியாலுக்கு 1000 சில்லறை, அதனால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரும். 1.500 என்றால் ஒன்றரை, ஆயிரத்து ஐந்நூறு அல்ல.

எழுத்தில் மிக அதிகமாகப் பார்த்த விபத்து பலகைதான். கைபேசியில் மொழிபெயர்த்து, அரபி வசதி இல்லாத டிசைன் மென்பொருளில் ஒட்டி, பிரின்ட் போட்டுவிடுவார்கள். எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக, வரிசையும் தலைகீழாக நிற்கும். தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதைவிட மோசம். அரபியில் எழுத்துகள் கைகோத்து நிற்க வேண்டும். ஆறு எழுத்துகள் மட்டும் தனக்கு அடுத்ததோடு சேராது. அந்த ஆறும் இல்லாத ஒரு சொல்லில் எழுத்து பிரிந்து நின்றால் அது தவறு என்று அரபி தெரியாமலே கண்டுபிடித்துவிடலாம். புள்ளியையும் பாருங்கள். 'ஜமல்' ஒட்டகம், 'ஜ' ஒலிக்கான ஜீம் என்ற எழுத்தின் வயிற்றில் இருக்கும் ஒரு புள்ளி விட்டுப்போனால் 'ஹமல்', ஆட்டுக்குட்டி. இறைச்சிக் கடைப் பலகையில் இது சின்ன விஷயம் இல்லை.

கையெழுத்து போடும் தாள் பற்றியும் ஒரு வார்த்தை. தகராறு என்று வந்தால் அமீரகத்தில் அரபி வாசகம்தான் செல்லும். 'இங்கிலீஷில் சரியாகத்தானே இருக்கிறது' என்பது உதவாது. வேலை வாய்ப்புக் கடிதம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். தொழிலாளர் அமைச்சகம் அதற்கு வைத்திருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கடைசியாக உங்கள் பெயர். அரபி எழுத்தில் 'பாக்கு' என்பதன் ப இல்லை, எ, ஒ இல்லை, ழ, ள, ண எதுவும் இல்லை. பழனி 'பலனீ' ஆகி, முதல் எழுத்து பாக்கு என்பதன் 'ப'விலிருந்து பந்தாவின் 'ப'வுக்கு மாறிவிடும். செல்வத்தின் 'வ' பெரும்பாலும் 'ஃப' ஆகும். கோபால் என்றால் டைப் அடிப்பவரைப் பொறுத்தது: எகிப்துக்காரர் ஜீம் போடுவார், அவர் ஊரில் ஜீமைத் தங்கத்தின் 'க'வாகத்தான் ஒலிப்பார்கள், வேறொருவர் கைன் போடுவார், இன்னொருவர் காஃப் போடுவார். முதல் ஆவணத்தில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி விழுந்தால் பிறகு இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். ஒரு பெரியவர் மூன்று நாள் வேலையை விட்டு அலைந்ததைப் பார்த்தேன், ஒரே ஓர் எழுத்துக்காக. எனவே அடையாள அட்டை கைக்கு வந்த அன்றே அதிலுள்ள அரபிப் பெயரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் வலமிருந்து இடமாகப் பார்த்துப் பார்த்து, கை பழகும்வரை எழுதுங்கள். அடுத்த முறை யாராவது உங்களுக்காக அரபியில் டைப் அடிக்கும்போது கவுன்ட்டரில் அந்தப் போட்டோவை முதலில் காட்டுங்கள். பிரின்ட் எடுத்ததும் அங்கேயே நின்று, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.