ரெவிட்டில் சுவர் இணைப்பு: கை தானாகச் செய்யும் தவறுகள்

கட்டடங்களை மாதிரியாக வரையும் ரெவிட் மென்பொருளில், பிளானில் சுவர்கள் சேரும் ஒரு மூலை அசிங்கமாகத் தெரிந்தால் கை எங்கே போகிறது? சுவரின் நுனியில் வலது கிளிக், 'டிஸ்அலவ் ஜாயின்' (இணைய விடாதே என்ற கட்டளை). கோடு அடங்கிவிட்டது என்று அடுத்த மூலைக்குப் போய்விடுவோம். பின்னால் வரும் தலைவலிகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

இணைப்பைத் துண்டித்ததும் அந்த நுனி, நாம் வரைந்த புள்ளிக்கே திரும்பும். அது பெரும்பாலும் எதிர்ச் சுவரின் நடுக்கோடு. இரண்டு சுவர்களும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருக்க, அந்தப் பகுதியின் கனஅளவு இரண்டு முறை கணக்கில் ஏறும். சரி, நுனியை இழுத்து எதிர்ச் சுவரின் முகத்தில் நிறுத்திவிட்டோம் என்றே வையுங்கள். நாளைக்கு எதிர்ச் சுவரை 100 மி.மீ. நகர்த்தினால் நம் சுவர் கூடவே நீளாது. இடைவெளி விழும்; அறை மூடப்படவில்லை என்று எச்சரிக்கை வரலாம்.

மூலை ஏன் கெட்டது என்று முதலில் பார்க்க வேண்டிய இடம், சுவர் வகையின் அடுக்குப் பட்டியல். செங்கல், பூச்சு என ஒவ்வொரு அடுக்கின் 'ஃபங்ஷன்' (அடுக்கின் வேலை) பக்கத்திலும் ஓர் எண் இருக்கும்: ஸ்ட்ரக்சருக்கு (சுவரின் உடல்) 1, கடைசி ஃபினிஷுக்கு (மேற்பூச்சு) 5. சிறிய எண் பெரிய எண்ணைத் துளைத்துக்கொண்டு போகும். தனக்குச் சமமானதைத் துளைக்காது. தடுப்புச் சுவர் வெளிச்சுவரில் முட்டும் இடத்தை உற்றுப் பாருங்கள். உட்பூச்சைத் தாண்டி, செங்கல் செங்கலோடு சேர வேண்டும். யாரோ அவசரத்தில் பூச்சுக்கும் 1 கொடுத்திருந்தால், செங்கல் பூச்சின் மேலேயே நின்றுவிடும். அந்த எண்ணை மாற்றினால் அந்த வகைச் சுவர் முட்டும் எல்லா இடங்களும் ஒரே அடியில் சரியாகும். ஒவ்வொரு மூலையாகக் கிளிக் செய்துகொண்டிருந்தவருக்கு இது கொஞ்சம் எரிச்சலைத் தரும்தான்.

எண் சரியாக இருந்தும் நடுவே கோடு நிற்கிறதா? மெட்டீரியலைப் பாருங்கள். ஒரே பூச்சை இரண்டு பெயர்களில் உருவாக்கி வைத்திருப்பார்கள்; ரெவிட்டுக்கு அவை இரண்டு வேறு பொருள்கள், அதனால் நடுவே கோடு.

இவையெல்லாம் ஒழுங்காக இருந்தும் மூலை பிடிக்கவில்லை என்றால்தான் 'வால் ஜாயின்ஸ்' கருவி. பட் (ஒன்று மற்றதில் முட்டுவது), மைட்டர் (இரண்டும் சாய்வாக வெட்டிச் சேர்வது), ஸ்கொயர் ஆஃப் (நுனியை நேராக, 90 டிகிரியில் வெட்டுவது) என மூன்று வடிவங்கள் உண்டு. பட் இணைப்பில் எந்தச் சுவர் ஓடுவது, எது முட்டுவது என்பதையும் 'நெக்ஸ்ட்' அழுத்தி மாற்றலாம். கட்டுபவர் எப்படிக் கட்டுவாரோ அப்படி வையுங்கள்.

அப்புறம், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி இணையாக ஓடும் இரண்டு சுவர்களுக்கு இந்தக் கருவி உதவாது. அங்கே 'ஜாயின் ஜியாமெட்ரி' (இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் கட்டளை) போட வேண்டும். மறந்தால், வெளிச்சுவரில் வைத்த ஜன்னலுக்குப் பின்னால் உள்சுவர் ஓட்டையே இல்லாமல் நிற்கும்.